தங்கையிடம் சொல்லாதது

ஆண்களைப் பேச வைப்பதில் தாரணியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று ஆய்வு மையம் முழுக்கப் பேச்சு. மற்றவர்கள் கேள்வித்தாளை வெளியே எடுத்தாலே போதும், லாரி ஓட்டுநர்கள் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து அப்படியே கம்பி நீட்டிவிடுவார்கள். தாரணி போனால் அவர்களே டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து பேசுவார்கள். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அவள் முதலில் முறை வைத்துவிடுவாள். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, பெண் எடுத்தது எங்கே என்று விசாரித்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் அண்ணன் ஆகியிருப்பார். அண்ணன் ஆனவருக்குத் தங்கச்சியை வெறுங்கையோடு அனுப்ப மனசு வருமா?

கேள்விகள் என்னவோ சங்கடமானவைதான். மனைவியைத் தவிர வேறு யாரோடாவது உறவு உண்டா, கடைசியாக எப்போது, ஆணுறை போட்டீர்களா, போடவில்லை என்றால் ஏன். எச்.ஐ.வி. அடுத்து எந்த வீட்டுக்குள் நுழையும் என்பதை நுழைவதற்கு முன்பே கண்டுபிடிப்பதுதான் ஆய்வு. லாரிகள் தாமாகவே ஓடத் தொடங்கிய பிறகு இந்தக் கேள்விகளுக்குத் தேவை கூடியதே தவிரக் குறையவில்லை. முன்பாவது ஓட்டுநரின் கையில் ஸ்டியரிங் இருந்தது. இப்போது செக்போஸ்ட்டில் பேப்பர் காட்டவும் சரக்கு திருடு போகாமல் பார்த்துக்கொள்ளவும் மட்டும்தான் ஆள். வெள்ளைக்கரட்டிலிருந்து நாக்பூர் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து போகிற மனுஷன் என்னதான் செய்வான்?

வெள்ளைக்கரடு முழுக்க லாரிக்காரர்கள் ஊர். அங்கே தாரணிக்கு வாய்த்த அண்ணன்களில் பூபதி ஒருவர். வாட்டசாட்டமான ஆள், வாய் நிறைய வெற்றிலை, பேச்சுக்குப் பேச்சு அம்மிணி. ஒப்புதல் கையெழுத்து வாங்கிய அன்றைக்கு அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சந்தேகம் கேட்டார்.

"அம்மிணி, இதென்னமோ நிழலுங்கறாங்களே, அது என்னது?"

"உங்கள மாதிரியே பேசற கம்ப்யூட்டர் அண்ணா. நீங்க எங்கிட்ட பேசுனது, உங்க போன் போற எடம், பணம் கட்டுன எடம் எல்லாத்தையும் வெச்சு அது உங்களப் படிச்சுக்கும். அதுக்கப்பறம் மாசாமாசம் உங்களத் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல. அதையே கேட்டுக்குவோம்."

"ஆரு வேணா கேக்கலாமா?"

"நான் மட்டுந்தான். நான் கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்களோ, அதைத்தான் அதுவும் சொல்லும்."

"அப்பறமென்ன! கூடப் பொறந்தவகிட்ட சொல்றதுக்கு எனக்கென்ன ஒளிவு மறைவு?" என்று சிரித்துவிட்டு, எங்கே எங்கே என்று கேட்டுக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நிழல்கள் தயாரானதும் சோதித்துப் பார்த்தார்கள். ஆளிடம் ஒரு கேள்வி, அதே கேள்வி நிழலிடம். பதில்கள் இம்மி பிசகவில்லை. ஆய்வுத் தலைவர் பேராசிரியர் கிளாடிஸ் அதை இரண்டு கண்டங்களில் மேடையேறிச் சொல்லிக் கைதட்டல் வாங்கி வந்தார். அதோடு மனிதர்களைக் கேட்பது நின்றுபோனது. நிழல் சொல்வதை வைத்து ஆளுக்கொரு அபாய எண் போட்டு, அவரவர் போனுக்கே அனுப்பிவிட்டார்கள். பூஜ்யம் என்றால் பயமில்லை. எண் ஐந்தைத் தொட்டால் அந்த வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கச் செலவில் தடுப்பு ஊசி. வெள்ளைக்கரட்டு ஆண்கள் எல்லாரும் தாரணியின் அண்ணன்கள் அல்லவா, அத்தனை பேருக்கும் பூஜ்யம். லாரி ஸ்டாண்டை ஒட்டி இருந்த ஊசி மையத்தை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது இளநீர்க் கடை.

அரசாங்கம் ஒன்றுக்குக் கொடுத்ததை ஜனங்கள் இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்வது புதிதா என்ன? கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு நிழல் எண்ணையும் கேட்க ஆரம்பித்தார்கள். வடக்கே போகிற நல்ல லோடுகளைப் பூஜ்யக்காரர்களுக்கே முதலாளிகள் கொடுத்தார்கள். பூபதி தன் போனின் முகப்பில் பழனி முருகன் படத்துக்குக் கீழே அந்தப் பூஜ்யத்தைப் பளிச்சென்று வைத்திருந்தார்.

பூபதியின் மனைவி ரேணுகா ஒரு திங்கட்கிழமை காலை ஆய்வு மையத்துக்கு வந்தாள். தாரணி அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். எப்போது பார்த்தாலும் கையில் கொத்தமல்லிக் கட்டோ கொய்யாவோ கொடுக்காமல் விடாதவள், அன்று வெறுங்கையோடு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"உங்கண்ணனுக்கும் எனக்கும் அந்த நோவு இருக்குதாம், தாரணி" என்றாள். "பித்தப்பை ஆப்பரேசனுக்கு ரத்தம் எடுத்தாங்க. அதுல தெரிஞ்சுபோச்சு. அப்பறம் அவருக்கும் பாத்தாங்க."

தாரணி தொழில் பழக்கத்தில் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "அண்ணி, பயப்படாதீங்க. தினம் ஒரு மாத்திரை. போட்டுட்டே இருந்தா ஒண்ணும் ஆகாது. எல்லாரையும் மாதிரி இருக்கலாம்."

"டாக்டரும் அதையேதான் சொன்னாங்க. நோவுனால சாக மாட்டேன்னு எனக்கும் தெரியுதுங்க." ரேணுகா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "அவருக்குப் பூஜ்யம். எனக்கு நாலு. அப்ப ஆரு கொண்டாந்தது? மாமியா கேக்கறாங்க, பங்காளிக கேக்கறாங்க, ஆசுபத்திரி நர்ஸம்மாகூட என்னைய ஒரு மாதிரி பாக்குது. நான் கெட்டுப்போய்க் கொண்டாந்து அந்த மனுசனுக்குக் குடுத்துட்டனாம்."

தாரணிக்கு அந்த நாலு எப்படி வந்தது என்று தெரியும். ரேணுகாவைப் பேட்டி எடுத்ததும் அவள்தான். கல்லூரியில் படித்தபோது ஒரு பையனோடு பழகியதை, இரண்டே முறை அவன் அறைக்குப் போனதை, பாத்திரம் கழுவிக்கொண்டே ரேணுகா சொல்லியிருந்தாள். இருபது வருஷத்துப் பழைய கதை. ஆனாலும் கணக்கு கணக்குதானே. அவளுடைய நிழல் அதை விழுங்கி நாலு என்று துப்பியது. கணவன் பூஜ்யம் என்பதால் அந்த நாலுக்கு ஊசியும் கிடைக்கவில்லை. ஒருவர் எண்ணாவது ஐந்தைத் தொட வேண்டும் என்று விதி.

"ஒரு பொம்பளைகிட்ட சொல்றமேங்கற தைரியத்துல சொன்னனுங்க" என்றாள் ரேணுகா. குரலில் குற்றம் சாட்டும் தொனிகூட இல்லை. தாரணிக்கு அதுதான் தாங்க முடியவில்லை. "வர்ற மாசம் என்னையப் பொறந்த ஊட்டுக்கு அனுப்பறதுன்னு பேசி வெச்சிருக்காங்க. புள்ளைய விட மாட்டாங்களாம். பத்தாவது படிக்கறா. எங்கம்மா அப்படிப்பட்டவன்னு கேட்டுக் கேட்டே வளரோணுமா அவ? அந்தப் பூஜ்யம் நீங்க போட்டதுதானே? அது தப்புன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லீட்டீங்கன்னா போதும்."

"அண்ணன் என்ன சொல்றார்?"

"ஒண்ணுமே சொல்றதில்லீங்க. தலையக் குனிஞ்சுட்டுச் சோறு திங்கறார்."

அவள் போனதும் தாரணி கதவைச் சாத்திக்கொண்டு பூபதியின் நிழலைத் திறந்தாள். வழக்கம்போல உற்சாகமாக வந்தது குரல். "வா அம்மிணி! சாப்டியா?"

"சாப்டேன் அண்ணா. அண்ணியத் தவிர வேற யாரோடயாவது பழக்கம் உண்டா?"

"அட, போ அம்மிணி. நம்முளுக்கு எதுக்கு அதெல்லாம்? ஊடு உண்டு, வண்டி உண்டுன்னு இருக்கறவன் நானு."

மாதாமாதம் கேட்ட பதில்தான். ஆனால் அன்றைக்கு முதன்முறையாக அந்தப் பதிலுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழுந்ததை அவள் கவனித்தாள். கூச்சப்படுகிறவர் தொண்டையைக் கனைப்பாரே, அந்த அளவு இடைவெளி. திரையின் மூலையில் கேட்பவர் தாரணி என்று எழுதியிருந்தது. அதை மாற்றக் கூடாது என்பது ஒப்பந்தம். மாற்றினாள். நெடுஞ்சாலை ஓட்டலில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஓட்டுநர் என்று போட்டுவிட்டு அதே கேள்வியைத் தட்டினாள்.

"ஏனுங் தலைவரே, ரோட்டுல வந்துட்டுக் கேக்கற கேள்வியா இது?" என்று நிழல் சிரித்தது. அம்மிணி என்ற சொல்லையே காணோம். குரலே வேறாக இருந்தது. "நாக்பூர் பைபாஸ்ல ஒரு எடம். மாசத்துக்கு ரெண்டு தடவை, சில மாசம் மூணு. வண்டி அதுபாட்டுக்கு ஓடுது, மனுசன் எத்தனை நேரந்தான் ரோட்டையே பாத்துட்டு இருக்கறது சொல்லுங்?"

பயமாயில்லையா, ஊசி போட்டுக்கொள்ளவில்லையா என்று தாரணி கேட்டாள்.

"போனனே. நாக்பூர்லயே ஊசி போடற எடத்துல போய் வரிசைல நின்னனுங்க. போனக் காட்டச் சொன்னாங்க. பூஜ்யத்துக்கெல்லாம் ஊசி இல்லைன்னு திருப்பி அனுப்பீட்டாங்க."

"அந்தப் பூஜ்யத்தப் போட்ட பொண்ணுகிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாமே?"

இப்போது இடைவெளி நீளமாக விழுந்தது. "அது தங்கச்சிங்க" என்றது நிழல். "தங்கச்சிகிட்டச் சொல்ற பேச்சா இது?"

தாரணி தன் மற்ற அண்ணன்களையும் ஒவ்வொருவராகத் திறந்து, அதே ஓட்டல் மேசையில் உட்கார வைத்துக் கேட்டாள். மத்தியானச் சாப்பாட்டை மறந்தே போனாள். பூஜ்யம் என்று ஒருத்தர்கூடத் தேறவில்லை. நிழல்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த மனிதர்களை அவை அவ்வளவு நன்றாகப் படித்திருந்தன, அவர்களுடைய கூச்சத்தையும் சேர்த்து. எந்த முறையை வைத்து ஊரையே பேச வைத்ததாகப் பெருமைப்பட்டாளோ, அந்த முறைதான் ஊரின் வாயை அடைத்திருந்தது. அவமானத்தில் அவளுக்கு முகம் எரிந்தது.

பேராசிரியர் கிளாடிஸ் எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீ செஞ்சது என்னன்னு தெரியுதா தாரணி? ஒரு மனுஷன் தங்கச்சிகிட்ட மட்டும்தான் பேசுவேன்னு கையெழுத்துப் போட்டிருக்கான். நீ வேற ஆள் வேஷம் போட்டு அவன் மனசுக்குள்ள பூந்திருக்க."

"மேடம், அங்க ஒரு பொம்பள தெருவுல நிக்கப்போறா."

"தெரியுது. இன்னைக்கு ஒருத்திக்காக இதை வெளியில சொன்னா, நாளைக்கு ஒவ்வொரு மாமியாரும் ஒவ்வொரு மாமனாரும் நிழலக் கூப்பிட்டு வெச்சுக் குறுக்கு விசாரணை பண்ணுவாங்க. ஆம்பளைங்க நிழல மட்டுமா பண்ணுவாங்க? ரேணுகா மாதிரி உண்மைய நம்பிச் சொன்ன பொண்ணுங்க எத்தனை பேரு இருக்காங்க, யோசிச்சியா?" கிளாடிஸ் கெட்டவர் அல்ல. அவருடைய முதல் ஆய்வில் ஒரு பெயர் கசிந்து, ஒரு பெண் கிணற்றில் விழுந்தது மையத்தில் எல்லாருக்கும் தெரியும். "புதுசா ஆள் போட்டு ஊர் முழுக்க மறுபடி கேக்கறதுக்கு எழுதறேன். ரெண்டு வருஷமாவது ஆகும்."

"ரேணுகாவுக்கு அடுத்த மாசம் மேடம்."

கிளாடிஸ் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "எண்ணைத் திருத்தணும்னு அவங்க மனு குடுக்கலாம். குழு விசாரிக்கும். ஆனா நிழல்கிட்ட நீ மட்டும்தான் கேக்கலாம், தாரணியாவே கேக்கணும். உன் எதிர்ல அது ஒத்துக்கிட்டா நானே பூஜ்யத்த அடிச்சுடறேன்."

விசாரணை நாளன்று பூபதி வெள்ளை வேட்டி சட்டையில் வந்திருந்தார். இளைத்திருந்தார். வராந்தாவில் தாரணியைப் பார்த்ததும் எழுந்து நின்று, "என்ன அம்மிணி, கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு? நேரத்துக்குச் சாப்பிடறதில்லையா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். ரேணுகா நாலு நாற்காலி தள்ளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

அறைக்குள் கிளாடிஸும் வெளியிலிருந்து வந்த இரண்டு உறுப்பினர்களும் இருந்தார்கள். பூபதி, ரேணுகா, தாரணி மூவரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மேசை நடுவில் ஒரு ஒலிபெருக்கி. நிழல் திறந்தது.

"வா அம்மிணி! சாப்டியா?"

தன் குரல் ஒலிபெருக்கியிலிருந்து வருவதைக் கேட்ட பூபதி தர்மசங்கடமாக வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டார். தாரணி முறைப்படி கேட்டாள். அண்ணியைத் தவிர வேறு யாரோடாவது பழக்கம் உண்டா? நிழல் முறைப்படி சொன்னது. "நம்முளுக்கு எதுக்கு அம்மிணி அதெல்லாம்." நாக்பூரில் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டாள். டீ குடிக்க இறங்குவேன் என்றது. ஊசி மையத்துக்கு ஏன் போனீர்கள்? கூட வந்தவனுக்குத் துணையாகப் போனேன் என்றது. ஒரு உறுப்பினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரேணுகா இங்கேயும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கதவு திறக்காது என்று தாரணிக்குப் புரிந்தது. எந்த ஆண்பிள்ளையும் தான் செய்ததைத் தங்கையிடம் சொல்ல மாட்டான். சரி, தங்கையிடம் வேறு என்னதான் சொல்வான்? அந்த நினைப்பு வந்ததும் அவள் ஒலிபெருக்கியின் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்து, இல்லாத ஒரு மாப்பிள்ளையை உண்டாக்கினாள்.

"அண்ணா, எனக்கு வீட்ல மாப்பிள்ளை பாத்திருக்காங்க."

"அடி சக்கை! சொல்லவே இல்லையே அம்மிணி. எந்த ஊரு?"

"வெள்ளைக்கரடுதான். லாரிக்காரர். வடக்க ஓடறார். நல்ல மாதிரின்னு சொல்றாங்க. நிழல் எண் பூஜ்யம். அதனால ஊசிகூட வேண்டாங்கறாங்க. கட்டிக்கட்டுமா அண்ணா?"

ஒலிபெருக்கியில் சத்தமே வரவில்லை. இயந்திரம் நின்றுவிட்டதோ என்று ஒரு உறுப்பினர் குனிந்து பார்த்தார். பிறகு அது பேசியபோது குரலில் விளையாட்டு எதுவும் இல்லை.

"வேண்டாம் அம்மிணி."

"ஏன் அண்ணா? பூஜ்யந்தானே?"

"பூஜ்யத்த நம்பாத. அது எப்படி வருதுன்னு எனக்குத் தெரியும். எங்கள மாதிரி ஆளுக எல்லாத்துக்கும் பூஜ்யந்தான். அண்ணன் சொல்றேன், கேளு. நீ பாவம், ஒண்ணும் தெரியாத புள்ளை. அந்த வண்டி போற எடமெல்லாம் வேற. அப்படியே கட்டித்தான் ஆகோணும்னாலும் ஊசி போட்டுக்க. அவன் என்ன சத்தியம் பண்ணுனாலும் சரி, ஊசி போட்டுக்காம இருந்தறாத."

ரேணுகா தலையைத் திருப்பினாள். ஒலிபெருக்கியைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனக்கு ஒருநாளும் கிடைக்காத அந்தக் கரிசனம் யாருக்கோ கிடைப்பதைக் கேட்டு அவள் முகம் கோணியது. அழவில்லை.

"எங்கள மாதிரி ஆளுகன்னு சொல்லுச்சே, பதிவாச்சா?" என்றாள் தாரணி.

உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசினார்கள். அது பொதுவான அறிவுரை, சொந்த ஒப்புதல் அல்ல என்றார் ஒருவர். கிளாடிஸ் பூபதியின் பக்கம் திரும்பினார். "நிழல் சொன்னதக் கேட்டீங்க. நீங்க ஒரு வார்த்தை ஆமான்னு சொன்னா நான் எழுதிக்குவேன். இங்க இருக்கறவங்களத் தவிர யாருக்கும் தெரியாது."

பூபதி ரேணுகாவைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடி சொன்னார். "பொட்டி பேசறதுக்கெல்லாம் நான் ஜவாப்தாரி இல்லீங்க. எம்பட புள்ளைக்கு நாளைக்கு ஒரு நல்லது பாக்கோணும். ஊட்டுல ஒருத்தர் பேராவது கெடாம இருக்கட்டும்."

மனு தள்ளுபடி ஆனது. பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது, நாலு நாலாகவே நின்றது. கிளாடிஸ் கையெழுத்துப் போடும்போது அவர் கை தயங்கியதைத் தாரணி பார்த்தாள். தயங்கினாலும் போட்டார்.

ரேணுகா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனாள். கேட்டுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில், கேட்டில் விட்டிருந்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காத்திருந்தது வெள்ளைக்கரடு போகிற பஸ்ஸுக்கு அல்ல. தாரணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அண்ணி என்று கூப்பிட வாய் எடுத்தவள் அந்தச் சொல்லைச் சொல்லவே கூசிப்போய் நிறுத்திக்கொண்டாள்.

"பரவாயில்லீங்க" என்றாள் ரேணுகா. "எங்காதுல ஒரு தடவையாவது கேட்டனல்ல. அது போதும்." போதவில்லை என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது. பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை.

தாரணி திரும்பி நடந்தபோது பூபதி கேட்டின் நிழலில் நின்றுகொண்டிருந்தார். அவளுக்காகத்தான் நின்றிருக்கிறார். மனைவி ஏறிப் போன பஸ்ஸை அவரும் பார்த்திருக்க வேண்டும். கண்கள் சிவந்திருந்தன. சுற்றிலும் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று தாரணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மிணி" என்றார். "உள்ள அது சொன்னது நெசந்தான். அந்த மாப்பிள்ளை உனக்கு வேண்டாம். ஊட்டுல கட்டாயப்படுத்துனாங்கன்னா எனக்கு ஒரு போன் போடு. நான் வந்து பேசறேன்."